ரூசெத்தைக் கறப்பவன்

ஓவேர்ஞ் மலைப் பண்ணையில் டிராக்டர் கவிழ்ந்து பஸ்தியேன் இறந்த பிறகு, அவன் வளர்த்த பசு ரூசெத் யாரையும் மடியில் கைவைக்க விடவில்லை. ஆனாலும் தினமும் காலையில் அவன் தாய் சோலாஞ்ஜ் தொழுவத்துக்குப் போனால், வாளியில் இளஞ்சூட்டுப் பால் நுரைத்திருக்கும்.

“அவன்தாங்க வந்து கறக்கிறான்,” என்றாள் கணவர் அன்செல்மிடம்.

“வர்றவன் ஒரு தடவையாவது நம்ம மூஞ்சியப் பாத்தானா? என்னால தாங்க முடியலடி,” என்று அழுதவர், அந்த வாரமே பசுவை விற்றுவிட்டார்.

மறுநாள் விடியலில் காலித் தொழுவத்துக்குள் வைக்கோல் சரசரத்தது. சோலாஞ்ஜ் வாசலிலேயே நின்றாள்.

“அப்பாமேல கோவப்படாதடா கண்ணு. வீட்டுக்குள்ள வா, காபி சூடா இருக்கு.”

சரசரப்பு நின்றது. அவள் கண்ணெதிரே ஈரமண்ணில் பூட்ஸ் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்து, வீட்டைத் தாண்டி, பசுவை ஏற்றிப்போன லாரியின் சக்கரத் தடத்தை ஒட்டியே சாலைக்குப் போயின.