மொக்கையன் தொடாத தண்ணீர்

தேவிகுளத்து எஸ்டேட் கூலிக்காரர் லயத்தில் வாந்திபேதி கண்டு மொக்கையன் செத்துப்போனான். ஓடைத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறது, கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று கம்பவுண்டர் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனார். மொக்கையன் பெண்டாட்டி சுருளியம்மாள் தனக்கும் மகளுக்கும் கொதிக்கவைத்தாள். செத்தவன் வந்து குடிப்பானென்று ராத்திரி விளக்கடியில் வைக்கும் செம்பில் மட்டும் ஓடைத் தண்ணீரையே ஊற்றினாள்.

"செத்தவரைப் பூச்சி என்ன செய்யப்போவுது?" என்றாள் பக்கத்து வீட்டு மாரித்தாயிடம்.

விடிந்து பார்த்தால் செம்பு தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படித்தான்.

"அண்ணனுக்கு என்ன கோவமோ!" என்றாள் மாரித்தாய்.

அடுத்த ராத்திரி சுருளியம்மாள் கொதித்து ஆறிய தண்ணீரை வைத்தாள். காலையில் செம்பு காலி. அடியில் ஈரம்கூட இல்லை. அன்றிலிருந்து மூன்று பேருக்கும் ஒரே பானைத் தண்ணீர்தான்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விறகு நனைந்து வெறும் புகையாக வந்தது. லேசாகச் சூடேறியதுமே பானையை இறக்கிவிட்டாள்.

காலையில் செம்பில் ஒரு சொட்டுக்கூடக் குறைந்திருக்கவில்லை. சுருளியம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, பானைத் தண்ணி இன்னிக்கு நல்லா ருசியா இருக்கு" என்று பின்னாலிருந்து சொன்ன மகள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.