அம்மாவுக்குப் பொறுப்பாளர்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பதின்வயதுப் பொறுப்பாளர் இல்லாமல் இசை நிகழ்ச்சிக்கு வரக் கூடாது என்று விதி வந்திருந்தது. சுகந்திக்குப் பிடித்த குழுவின் கடைசி நிகழ்ச்சி. மகள் மகிழினியிடம் ஒரு மாதம் கெஞ்சினாள்.

"கூடப் பாடக் கூடாது. அழக் கூடாது. எங்க காலத்துலன்னு ஆரம்பிக்கவே கூடாது. ரெண்டாவது எச்சரிக்கை வந்தா வெளிய அனுப்பிடுவாங்க, தெரியும்ல?" என்றாள் மகிழினி, அரங்க வாசலில்.

நிகழ்ச்சி தொடங்கியது. சுகந்தி உதட்டைக் கடித்துக்கொண்டு பாட்டுகளைக் கேட்டாள். தோசை சுடும்போதெல்லாம் அவள் பாடும் பாட்டு வந்தது. வீட்டில் பல்லவி முடிந்ததும் தோசைக்கல்லைக் கரண்டியால் இருமுறை தட்டுவாள். மேடையில் அந்த இடத்தில் இசை சட்டென்று நின்றது. அரங்கமே அமைதியானது.

"டங் டங்!"

கத்தியது மகிழினி. பாட்டே அப்படித்தான் என்று பிறந்ததிலிருந்து நினைத்திருந்தாள்.

காவலர் நேராகச் சுகந்தியிடம் வந்தார்.

"நான்தான் சார். மன்னிச்சிடுங்க," என்றாள் சுகந்தி.

"இது முதல் எச்சரிக்கை. ஏம்மா பாப்பா, அம்மாவைக் கூட்டிட்டு வந்தா பாத்துக்க வேணாமா?"

"இனிமே பண்ண மாட்டாங்க சார்," என்றாள் மகிழினி, தரையைப் பார்த்தபடி.

மறுபடி பல்லவி நெருங்கியது. சுகந்தி தன் பொறுப்பாளரின் வாயை இரண்டு கைகளாலும் பொத்தினாள்.