தொடாத கன்னம்

ஸ்டுடியோ கம்ப்யூட்டரில், போட்டோவைத் திருத்தும் இடத்தில், கூர்மை, மறைப்பு என்று இழுத்து நகர்த்தும் இரண்டு ஸ்லைடர்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. கூர்மை படத்தின் நுணுக்கங்களைத் துலக்கிக் காட்டும்; அது எங்கே படக்கூடாதோ அந்த இடத்தை மறைப்பு மூடும்.

அன்று திரையில் ஒரு குழந்தை. மொட்டைத் தலை நிறையச் சந்தனத்தோடு சிரித்தது. கூர்மைக்கு உற்சாகம் தாங்கவில்லை. படம் சின்னதாகத் தெரியும்போதே கடைசிவரை ஓடி நின்று, "எப்படி?" என்றது.

படம் பெரிதானது. சந்தனம் வறண்ட ஏரிபோல வெடித்திருந்தது. கன்னமெல்லாம் சொரசொரவென்று இருந்தது.

"ஐயோ, நான் என்ன பலாப்பழமா?" என்று அலறியது குழந்தை.

"அண்ணே, கொஞ்சம் பின்னால வாங்க" என்றது மறைப்பு. "கண்ணிமை, ரெண்டு புதுப்பல், வாயோரத்து எச்சில் துளி, இதெல்லாம் உங்களுக்கு. கன்னத்தை நான் மூடிக்கிறேன்."

கூர்மை முனகிக்கொண்டே பின்னால் வந்தது. மறைப்பு முன்னால் நகர்ந்தது. இமைமுடி தனித்தனியாகத் தெரிந்தது. பல் பளிச்சிட்டது. கன்னம் வெண்ணெயாக வழுக்கியது.

படம் வாங்க வந்த அம்மா, திரையிலேயே கன்னத்தைக் கிள்ளித் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டாள்.

"அடடா, அது நான் தொடாத இடமாச்சே!" என்று துள்ளியது கூர்மை. "தம்பி, சீக்கிரம் அந்த மூக்கையும் மூடு. அங்கேயும் ஒரு முத்தம் கிடைக்கட்டும்!"