பூசணித் தண்டு

எஸ்டேட் பங்களா முற்றத்தில், மருந்துக்கான வரிசையில் நின்றபடி வீராயி சன்னலுக்குள் பார்க்கிறாள். சேலத்திலிருந்து மலையேறி வந்த டாக்டர், இருமுகிற துரை மகளின் நெஞ்சில் ரப்பர் குழாயை வைத்து, கண்மூடிக் கேட்கிறார். வெளியே கம்பவுண்டர் குனிந்தபடி, நீளுகிற கைகளில் எல்லாம் மலைக்காய்ச்சலுக்கான கொய்னா மருந்தை ஊற்றிக்கொண்டே வருகிறார். “ஏனுங்க, எம்புள்ளைக்கும் இதே இருமல்தானுங்க. அந்தக் கொழாய வெச்சுப் பாக்கச் சொல்லுங்க.” “உங்களுக்கெல்லாம் கொய்னாதான். கைய நீட்டு.” தோளில் கிடக்கும் மகனுக்கு மூச்சு வாங்குகிறது. வேலியில் படர்ந்த பூசணியின் குழல் போன்ற இலைத்தண்டை ஒடித்து, இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஒரு முனையை அவன் நெஞ்சிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைக்கிறாள். டாக்டரைப் போலவே கண்களை மூடுகிறாள். “ஏனுங்க, உள்ளாற புறா மொனகறாப்பல கேக்குதுங்க! நீங்களே கேட்டுப் பாருங்க” என்று தண்டை நீட்டுகிறாள். கம்பவுண்டர் நிமிராமலே, தண்டின் மேலும் கொய்னாவை ஊற்றிவிட்டு நகர்கிறார்.