அப்பாவுக்கு வந்த பதில்

"தம்பி, கொம்பு ஒட்டுமா ஒட்டாதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் அப்பா.

என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டு வந்தவனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி, ஒட்டும் சார் என்றான். பாவம், கொண்டுவந்த பழப்பை இன்னும் மடியிலேயே இருந்தது.

அப்பா புகார் எழுதுகிறவர். சம்பளத்துக்கு ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார். ஆனால் மூச்சு என்றால் அது புகார்தான். எரியாத தெருவிளக்கு, நிற்காத பேருந்து, மூடாத பள்ளம் என்று எதையும் விட்டதில்லை. எதற்கும் இன்றுவரை ஒரு வரி பதில் வந்ததில்லை.

காரணம் கொம்புதான் என்று சமீபத்தில் கண்டுபிடித்திருந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்கிற பழைய மென்பொருளில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகக் கோபித்துக்கொண்டு நிற்கும். அதைப் படித்துவிட்டு எவன் பதில் போடுவான் என்பது அவர் கட்சி.

புதிய பதிப்பில் அது சரியாகிவிட்டதாம். ஆனால் அது இன்னும் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. குறைகள் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும் என்று அதைச் செய்தவர்களே எழுதியிருந்தார்கள்.

காசு கொடுத்து வாங்கும் எதையும் அப்பா நம்பமாட்டார், அதனால் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுவது இலவச லினக்ஸ். இவனோ மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருப்பவன். இந்தப் புதிய பதிப்பை ஏற்றிக் கொடுத்தால் பாதி சம்மதம் கிடைத்த மாதிரி என்று நான்தான் வரச்சொல்லியிருந்தேன். ஒரே ஒரு நிபந்தனை. சாயங்காலங்களில் சம்பளமில்லாமல் யாருக்கோ ஏதோ வேலை செய்கிறானே, அதைப் பற்றி மட்டும் அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒன்றை ஏற்றப்போனால் இன்னொன்று இருந்தால்தான் வருவேன் என்றது. அதைக் கூப்பிட்டால் அது வேறொன்றைக் கேட்டது. அத்தை வந்தால்தான் சித்தப்பா வருவார் என்கிற கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தான்.

பிறகு கடவுச்சொல் கேட்டது. அப்பா எங்கள் எல்லோரையும் சுவர்ப்பக்கம் திரும்பச் சொன்னார். காப்பித் தட்டோடு வந்த அம்மா தட்டோடு திரும்பிக்கொண்டாள். அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை என்று அப்பா கத்தினார். இதில் அப்படித்தான் சார், தெரியாது, ஆனால் விழும் என்று அவன் சுவரிடம் சொன்னான்.

ஒருவழியாகத் திறந்தது. அப்பா 'பெருமதிப்பிற்குரிய' என்று அடித்தார். கொம்பு ஒட்டியது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

உடனே மென்பொருள் படுத்துவிட்டது.

கூடவே என் கல்யாணமும் படுத்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. மன்னிக்கவும், என்ன குறை என்று விவரமாக எழுதி அனுப்புங்கள், உதவியாக இருக்கும் என்றது.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவரிடம் புகார் கேட்கிறார்.

எழுதினார். பொருள், பார்வை எல்லாம் போட்டு முறையாக எழுதி அனுப்பினார்.

அவன் எழுந்து பாத்ரூம் எங்கே என்று கேட்டான். கூடத்தை ஒட்டித்தான் இருந்தது. அவன் திரும்பி வருவதற்குள் அப்பாவுக்குப் பதில் வந்துவிட்டது. ஐயா, நீங்கள் சொன்னது சரி, தவறு எங்களுடையது, திருத்துகிறோம்.

அப்பா அதைச் சத்தமாக வாசித்தார். அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி வாசித்தார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அதன்பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அது எப்போது படுக்கும் என்று காத்திருந்து எழுதினார். எழுத்து பொடிசாக இருக்கிறது, பொத்தானின் நிறம் கண்ணைக் குத்துகிறது, சேமிக்கும் இடம் ஒளிந்துகொண்டிருக்கிறது. அனுப்ப அனுப்பப் பதில் வந்தது.

இவனோ பாத்ரூமுக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தான். என் மானம் கப்பலேறியது. அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்து, இந்த வயசிலேயே சர்க்கரையா என்று கேட்டாள். வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி போனான்.

கதவு சாத்தியதும் அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பையன் தங்கமான பையன்தாம்மா. உடம்புதான் சரியில்ல. தெரிஞ்சே எப்படிம்மா குடுக்கறது?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. திரையில் வந்திருந்த புதுப் பதிலைக் காட்டினார். இந்தப் பிள்ளை மாதிரி ஒருவன் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடுவேன் என்றார்.

சொன்னதோடு விட்டாரா? பெட்டியில் அடித்தார். தம்பி, தங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா?

அனுப்பினார்.

பாத்ரூமுக்குள் டர்ர்ர் என்று ஒரு சத்தம். கவிழ்த்த பிளாஸ்டிக் வாளிமேல் வைத்த போன் அதிர்கிற சத்தம்.

அப்பா கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் அப்பா முடிவு கட்டமாட்டார். பெட்டியில் வெறும் ஒரு புள்ளி வைத்து அனுப்பினார்.

டர்ர்ர். அவனுடைய சம்பளமில்லாத சாயங்கால வேலை எதுவென்று எனக்கும் புரிந்துவிட்டது.

அப்பா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லும்மா" என்றார். "மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல."