குமாஸ்தா சொன்ன தண்டனை

"ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு ஒரு புகார், டைப் அடி," என்றார் வக்கீல். "கட்சிக்காரரின் கையெழுத்தைத் தானே போட்டு மனுத் தாக்கல் செய்த குமாஸ்தா மீது..."

டைப் அடித்துக்கொண்டிருந்த குமாஸ்தா பாதியில் நிறுத்தினார். போன வாரம் அவரும் அதைத்தான் செய்திருந்தார்.

"யாரு சார், மேல்மாடி ஆபீஸ் குமாஸ்தாவா?"

"முதல்ல அடிய்யா. என்ன தண்டனை கேட்கலாம்?"

கடுமையாகச் சொன்னால் தன்மேல் சந்தேகம் வராது. ஆனாலும் இன்னொருவர் வயிற்றில் அடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"மூணு மாசம் சஸ்பெண்ட் போதும் சார். பாவம், பிள்ளைகுட்டிக்காரரா இருப்பார்."

"சரி, அப்படியே போடு."

புகாரில் காலியாக விட்டிருந்த இடத்தில் பெயரைப் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்ட வக்கீல், ஒரு நகலை நீட்டினார்.

"ஃபைலுக்கா சார்?"

"உனக்குத்தான்யா. புகார் உன்மேல. டிஸ்மிஸ்னு சொல்லியிருந்தா, அதையே போடச் சொல்லியிருப்பேன்."