முதல் விலை

மகள் யாழினியின் கல்யாணத்துக்குச் சேர்த்த ஒன்பது லட்சத்தையும் கதிரேசன் ஒரு தடுப்பூசி கம்பெனியின் பங்குகளில் போட்டிருந்தார். காய்ச்சல் ஊரைச் சுற்றிய மாதங்களில் விலை ஏறியது. காய்ச்சல் குறையக் குறைய விலையும் இறங்கி, இப்போது போட்டதில் பாதிகூடத் தேறாது.

காலையில் பேப்பரை மடித்து வைத்தார்.

"நேத்து எத்தனை பேருங்க?" என்று அடுப்படியிலிருந்து மனைவி வடிவு கேட்டாள்.

"ஒருத்தர்கூட சாகலை." இழவு சொல்வதுபோல் சொன்னார்.

"நல்ல சேதிதானே? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? நாலு பேர் போகணும்னு உக்காந்திருக்கீங்களா?"

பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள். வறட்டு இருமல், நிற்கவே இல்லை. வடிவு கரண்டியும் கையுமாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"மார்க்கெட் திறந்தாச்சா?"

"ஒன்பதேகாலுக்குத்தான். இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

கைபேசியை மேசைமேல் வைத்து இருவரும் குனிந்து காத்திருந்தார்கள். மறுபடி இருமல் கேட்டது. இந்த முறை யாழினியின் அறையிலிருந்து.

"அம்மா, கொஞ்சம் தண்ணி" என்றாள் உள்ளிருந்து.

திரையில் அன்றைய முதல் விலை தெரியும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.